பிஞ்சிலேயே பழுக்கும் ஆண் சால்மன்: 16 டிகிரியா, விளக்கா, தீவனமா?

வட்டத்தொட்டி கேட்டது:

வணக்கம். மீள்சுழற்சி நீர்த்தொட்டியில் வளரும் அட்லாண்டிக் சால்மன் பற்றிய கேள்வி. அளவு சொல்லாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

சராசரி எடை 420 கிராம். 100 கிராம் வாக்கில் இருந்தபோது 6 வாரம் 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு. அதன் பிறகு 24 மணி நேர விளக்கு. மாற்றி இன்றோடு 8 வாரம். நன்னீர், 15.5 முதல் 16 டிகிரி. தீவனம் மீன் போதும் என்னும் வரை. ஆக்சிஜன், அமோனியா, நைட்ரைட் எதிலும் குறையில்லை.

தரம் பிரிக்கும்போது சில மீன்களின் உடல் தடித்து, தோல் வெள்ளி மினுமினுப்பு போய்ச் செம்பு நிறம் தட்டியிருந்தது. 40 மீனை அறுத்துப் பார்த்ததில் 19 ஆண், 21 பெண். 6 ஆண்களில் விந்தகம் வெள்ளையாகப் பெருத்திருந்தது, ஜி.எஸ்.ஐ, அதாவது உடல் எடையில் விந்தகத்தின் பங்கு, 1.1 முதல் 4.8 சதவீதம். மீதி 13-ல் 11 மீன்களுக்கு 0.04 முதல் 0.07 வரை. இரண்டுக்கு மட்டும் 0.18, 0.25. பெண் மீன்களின் சினைப்பையில் எந்த மாற்றமும் இல்லை.

கேள்விகள்: அந்த 0.18, 0.25 மீன்களை எந்தப் பக்கம் சேர்ப்பது? இப்போது குளிர்வித்தால் பயன் உண்டா? கடல் கூண்டில் 24 மணி நேர விளக்கு முன்பருவ முதிர்ச்சியைத் தடுக்கும் என்கிறார்கள், இங்கே அதே விளக்கின் கீழ்தானே இது நடந்திருக்கிறது? இன்னும் 5 வாரத்தில் கடல்நீருக்கு மாற்றும் திட்டம், அது நடக்குமா? அடுத்த தொகுதிக்கு எதை மாற்றுவது?

செவுள் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். இரண்டுமே முதிர்ச்சியை நோக்கிப் புறப்பட்டுவிட்ட மீன்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்களையே எடையாக மாற்றிப் பாருங்கள். 420 கிராம் மீனில் 0.05 சதவீதம் என்றால் இரண்டு விந்தகமும் சேர்ந்து 0.21 கிராம். 0.18 என்றால் 0.76 கிராம். 4.8 என்றால் 20 கிராம். முதிராத ஆண் கூட்டம் 0.1-க்குக் கீழே ஒட்டிக்கொண்டு கிடக்கும். புறப்பட்டது அங்கிருந்து பிய்த்துக்கொண்டு மேலே போகும். ஜி.எஸ்.ஐ-யை மடக்கை அளவில் வரைந்தால் இரண்டு திமில் தெரியும். உங்கள் இரண்டு மீனும் திமில்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நிற்கின்றன. முதல் திமிலை விட்டு வெளியே வந்துவிட்டன என்பதுதான் அதற்குப் பொருள்.

எடை போடும் விதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் 0.21-ஐயும் 0.26-ஐயும் பிரிக்க முடியாது. குறைந்தது 0.01, முடிந்தால் 0.001 கிராம் தராசு வேண்டும். முதிராத விந்தகம் நீச்சல்பையின் இரு ஓரத்திலும், சிறுநீரகத்துக்குக் கீழே, வயிற்றறையின் நீளத்துக்கு ஓடும் மெல்லிய நூல். கண்ணாடி போல் ஊடு தெரியும், லேசான இளஞ்சிவப்பு. அதை இழுத்தால் பின்பாதி அறுந்து உள்ளேயே தங்கிவிடும், பிறகு எடை பாதியாகத்தான் வரும். குடலையும் கல்லீரலையும் முதலில் எடுத்துவிட்டு, நுனி மழுங்கிய இடுக்கியால் முன்முனையிலிருந்து பின்னோக்கிச் சவ்வைப் பிரித்துக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் கொழுப்பைத் துடைத்துவிட்டு எடை போடுங்கள். இளம் சினைப்பை இப்படி நீளமாக ஓடாது. முன்பக்கம் ஆப்பு வடிவில் குட்டையாக நிற்கும், உற்றுப் பார்த்தால் மணல் போன்ற குருணை தெரியும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் விந்தகத்தின் நடுப்பகுதியில் 5 மில்லிமீட்டர் துண்டு எடுத்து, திசு கெடாமல் காக்க, அதன் பருமனைப் போல் 20 மடங்கு பௌயின் கரைசலிலோ 10 சதவீத நடுநிலைப்படுத்திய ஃபார்மலினிலோ போடுங்கள். பௌயின் என்றால் ஒரு நாள் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். உறைய வைக்கவே கூடாது. பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் மிஞ்சாது. வெட்டுத்துண்டில் ஏ வகை விந்துத் தாய்செல்கள் மட்டும் தனித்தனியாக இருந்தால் முதிராத மீன். பி வகை செல்கள் கூடு கூடாகப் பெருகியிருந்தால், அல்லது விந்துச் செல்கள் குறைப்பிரிவில் (விந்தணுவை உருவாக்கும் செல்பிரிவு) இறங்கியிருந்தால், அது கிளம்பிவிட்டது. ரத்தத்தில் 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அளப்பதும் நல்ல சாட்சிதான். ஹெப்பாரின் குழாயில் எடுத்து உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வையுங்கள்.

தோல் நிறத்தை வைத்து எண்ணாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது ஆறு மீன் என்றால், உள்ளே எட்டு இருக்கிறது என்பதை உங்கள் தராசே சொல்லிவிட்டது.

நாள்டிகிரி எழுதியது:

குளிர்விப்பது பற்றி. இந்த எட்டு மீன்களுக்காகக் குளிர்விப்பதில் பொருளில்லை. குறைப்பிரிவைத் தாண்டிய விந்தகத்தை நீரின் வெப்பத்தைக் குறைத்துத் திருப்பி அனுப்ப முடியாது, வேகம்தான் குறையும். ஆனால் இன்னும் 0.04, 0.07-ல் இருக்கும் 11 ஆண்களுக்காகக் குளிர்வியுங்கள். காப்பாற்றக்கூடியவை அவைதாம்.

ஏன் இப்படி ஆனது என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஸ்மோல்ட், அதாவது கடலுக்குத் தயாராகும் பருவத்துப் பெரிய மீனுக்கு 16 டிகிரி வெப்பமும் 24 மணி நேர வெளிச்சமும் சேர்ந்தால் 6 வாரத்திலேயே ஆண்களில் பெரும்பங்கு முதிர்ச்சியைத் தொடங்கிவிடும் என்பது சோதனைத் தொட்டிகளில் காட்டப்பட்ட விஷயம். அதே விளக்கின் கீழ் நீர் குளிர்ந்திருந்தால் அந்தப் பங்கு வெகுவாகக் குறையும். இரண்டும் தனித்தனியாக வந்தால் தாங்கும், கைகோத்து வந்தால் தாங்காது. வயிறு நிறையத் தீவனமும் உடலில் கொழுப்பும் கூடவே இருக்க, மீனின் மூளைக்குப் போகும் செய்தி ஒன்றுதான்: குளிர்காலம் முடிந்தது, வசந்தம் வந்துவிட்டது, இருப்பும் போதும். ஆணுக்கு அந்த இருப்பு கொஞ்சம் போதும். பெண்ணுக்கு ஆயிரக்கணக்கான முட்டைக்குக் கரு உணவு சேர்க்க வேண்டும், அதனால் அது காத்திருக்கிறது. உங்கள் 21 பெண்களும் அசையாமல் இருப்பதன் காரணம் இதுவே. ஆற்றிலும் இப்படித்தான், கடலையே பார்க்காத சின்னஞ்சிறு ஆண் 'பார்' மீன்கள் (ஆற்றில் வளரும் இளம் பருவம்) முதிர்ந்து, பெரிய ஜோடிக்கு இடையே புகுந்து முட்டைக்கு விந்து பீய்ச்சிவிட்டுப் போகும். தொட்டியில் நடப்பது நோய் அல்ல, அந்த மீனுக்கு எப்போதும் உள்ள ஒரு வழியை நாம் அகலத் திறந்துவிட்டிருக்கிறோம்.

"குளிர்வித்தால் வளர்ச்சி போய்விடுமே" என்பதுதான் எப்போதும் வரும் எதிர்ப்பு. கணக்குப் போடுவோம். வெப்ப வளர்ச்சிக் குணகம், அதாவது டி.ஜி.சி: கடைசி எடையின் கனமூலத்திலிருந்து தொடக்க எடையின் கனமூலத்தைக் கழித்து, நாள்-டிகிரியால் (நாள்களை நீரின் டிகிரியால் பெருக்கியது) வகுத்து, 1000-ஆல் பெருக்குவது. 100 கிராமிலிருந்து 500 கிராம் போக வேண்டும். கனமூலங்கள் 4.64, 7.94; வித்தியாசம் 3.30. டி.ஜி.சி 2.5 என்று வைத்தால் 1320 நாள்-டிகிரி தேவை. 16 டிகிரியில் 83 நாள், 14-ல் 94 நாள், 12-ல் 110 நாள். ஆக 16-லிருந்து 12-க்கு இறங்குவதற்கு விலை 27 நாள். மறுபக்கம், 10,000 மீனில் பாதி ஆண், அதில் 30 சதவீதம் பழுத்தால் 1500 மீன். அவை தின்ற தீவனம் விந்தகமாகப் போனது, தசை வெளுத்தது, தோல் கறுத்தது, முதல் தரத்தில் சேராது. இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, 27 நாளைக் கொடுத்துவிடுவேன்.

இறக்கும் முறை: ஒரு நாளைக்கு 1 டிகிரிக்கு மேல் வேண்டாம். இலக்கு 12. மீனைவிட உயிர்வடிகட்டியைத்தான் கவனிக்க வேண்டும். குளிர் ஏறினால் நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா மந்தமாகும், அமோனியா முதலில் அடங்கினாலும் நைட்ரைட் பின்னாலேயே ஏறும். இறக்கும் வாரத்தில் தீவனத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, நைட்ரைட்டை நாளுக்கு இருமுறை அளவிடுங்கள். நன்னீர் என்பதால் சாதாரண உப்பைக் கரைத்துக் குளோரைடைக் கூட்டி வைத்தால் செவுள் வழியே நைட்ரைட் ஏறுவது குறையும். பம்புகளும் மீனின் உடல் வெப்பமும் சேர்ந்து நீரைச் சூடாக்குவதை மறந்து குளிர்விப்பான் அளவைத் தீர்மானிப்பவர்கள் உண்டு. மீன் எடை கூடக் கூடத் தேவை ஏறும். தொகுதியின் கடைசி மாதத்து எடைக்குக் கணக்கிடுங்கள், முதல் மாதத்துக்கு அல்ல.

ஒளிக்கணக்கு எழுதியது:

விளக்கு பற்றிய குழப்பம் நியாயமானது. கூண்டில் விளக்கு தடுக்கும் என்பதும், தொட்டியில் தூண்டும் என்பதும் உண்மை. காலம்தான் வேறு.

கடல் கூண்டில் இருக்கும் சால்மனுக்கு, வடகோளத்தில் ஜனவரியில் விளக்கேற்றி கோடைத் தொடக்கம் வரை அணைக்காமல் வைத்தால் அந்த ஆண்டு முதிரும் மீன்களின் எண்ணிக்கை குறையும். காரணம் இது: முதிர்ச்சி ஒரே நாளில் முடிவாவது இல்லை. முந்தைய இலையுதிர் காலத்திலேயே உடல் ஒரு முறை இருப்பைப் பார்த்துத் தொடங்குகிறது. வசந்தத்தில் இன்னொரு முறை பார்த்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று தீர்மானிக்கிறது. ஜனவரி விளக்கு மீனின் உள்கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடுகிறது. இரண்டாவது சோதனை சீக்கிரமே வந்துவிடுகிறது, இருப்பு இன்னும் போதாத மீன்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. விளக்கை ஏற்றத் தாமதித்தால் அந்தப் பலன் சரியும்.

உங்கள் தொட்டியில் நடந்தது வேறு. 6 வாரக் குட்டை நாளுக்குப் பிறகு ஒரே இரவில் 24 மணி நேர வெளிச்சம். மீனுக்கு அது கூர்மையான வசந்தம். ஸ்மோல்ட் ஆக்குவதற்கு நாம் தருவதும் அதே செய்திதான். 60, 80 கிராம் மீன் குளிர்ந்த நீரில் அதைக் கேட்டால் வெள்ளி நிறம் கொண்டு கடலுக்குத் தயாராகும். பெரிய, கொழுத்த ஆண் 16 டிகிரியில் அதையே கேட்டால் விந்தகத்தை எழுப்பிவிடும். உங்கள் மீன்கள் 100 கிராமில் குட்டை நாளுக்குள் போனதால், வசந்தச் செய்தி வந்தபோது இன்னும் பெரிதாக இருந்தன. அடுத்த முறை அதே செய்தியைச் சின்ன மீனாக இருக்கும்போதே, குளிர்ந்த நீரில் கொடுங்கள்.

இப்போது விளக்கைக் குறைப்பதா? வேண்டாம். பாதி வழியில் போய்க்கொண்டிருக்கும் மீனுக்கு நாளைக் குட்டையாக்கினால் "கோடை முடிகிறது, இனப்பெருக்கக் காலம் நெருங்குகிறது" என்ற செய்தி போகும். இலையுதிர் காலத்தில் முட்டையிடும் இனத்துக்கு அது தூண்டுகோல், தடை அல்ல. விளக்கைத் தொடாதீர்கள், வெப்பத்தில் கை வையுங்கள்.

இன்னொன்று. குட்டை நாள் கொடுத்த 6 வாரமும் இருட்டு உண்மையிலேயே இருட்டாக இருந்ததா? அவசரகால விளக்கு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரை, வாசல் இடுக்கு, இரவுப் பணியாளர் தலையில் கட்டிய விளக்கு எல்லாமே மீனுக்கு வெளிச்சம்தான். கசிவு இருந்தால் ஒரே தொட்டியில் சில மீன்களுக்குக் குளிர்காலம் வந்திருக்கும், சிலவற்றுக்கு வந்திருக்காது. பிறகு ஸ்மோல்ட் ஆவதும் சீராக இருக்காது. விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியோரம் பத்து நிமிடம் நில்லுங்கள். கண் பழகிய பிறகு உங்கள் விரல் தெரிந்தால், மீனுக்கும் தெரிகிறது.

வட்டத்தொட்டி:

கோடி நன்றி. கட்டுப்பாட்டுப் பெட்டியின் பச்சை விளக்கு, இந்த மீன்கள் இருக்கும் 3-ஆம் தொட்டியின் மேல் நேராக விழுகிறது. இன்றே மறைத்துவிடலாம். தீவனத்தைக் குறைத்தால் இதே பலன் கிடைக்காதா? குளிர்விப்பதைவிடச் செலவு குறைவு. கடல்நீர் மாற்றம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

செவுள்:

தீவனக் குறைப்பு கோட்பாட்டில் சரி. சினூக் சால்மன் பொரிப்பகங்களில் இலையுதிர், குளிர்காலத் தீவனத்தையும் உடல் கொழுப்பையும் குறைத்தபோது முன்பருவ ஆண்கள் குறைந்தது தெரிந்த செய்தி. ஆனால் தொட்டியில் ஒரு சிக்கல். தீவனத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் எல்லா மீனுக்கும் 80 கிடைப்பதில்லை. பெரியது முழு வயிறு தின்னும், சின்னது பட்டினி கிடக்கும், துடுப்புக் கடி கூடும். முதிரும் அபாயம் உள்ளது அந்தப் பெரிய ஆணுக்குத்தான். குறைக்க நினைத்த இடத்தில் குறையாது. கொழுப்புச் சதவீதம் குறைந்த தீவனத்துக்கு மாறினால் தின்னும் மீன் எதுவானாலும் அதற்குள் போகும் சக்தி குறையும்; குறைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த வழி மேல். வெப்பம் மட்டும்தான் பெரிது, சிறிது பார்க்காமல் எல்லா மீனுக்கும் ஒரே அளவில் போய்ச் சேரும்.

கடல்நீர்: முதிரும் ஆணைக் கடலில் விடாதீர்கள். ஆண் ஹார்மோன் ஏறிய உடல், உப்பை வெளியேற்றும் திறனை இழக்கிறது. விட்டால் ரத்தக் குளோரைடு ஏறி, ஒன்று சில நாளில் சாகும், அல்லது தின்னாமல் மெலிந்து கூண்டோரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாற்றத்துக்கு முன்பு சோதனை செய்யுங்கள். லிட்டருக்கு 34 கிராம் உப்புள்ள நீரில், வெப்பநிலையை மாற்றாமல், 20 மீனை 24 மணி நேரம் வையுங்கள், தீவனம் கிடையாது. பிறகு வால் ரத்தநாளத்திலிருந்து ரத்தம் எடுத்துப் பிளாஸ்மா குளோரைடு பாருங்கள். 150 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் தயார். அதே மீனை அறுத்து ஜி.எஸ்.ஐ-யையும் பக்கத்தில் எழுதுங்கள். சராசரி மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள்: 14 மீன் 138-லும் 6 மீன் 175-லும் இருந்தால் சராசரி 149 என்று வரும், "எல்லாம் தயார்" என்று தோன்றும்.

கொடுவாய் எழுதியது:

ஐரோப்பியக் கடல் பாஸ் வளர்ப்பவர்கள் இந்த இழையைப் படித்து விளக்கைப் பற்றித் தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பாஸில் ஆண்களின் ஒரு பங்கு பண்ணையில் முதல் ஆண்டு முடிவிலேயே முதிர்ந்துவிடும். இயற்கையில் அதே ஆண் முதிர இன்னும் ஓரிரு ஆண்டு ஆகும். இங்கே 24 மணி நேர விளக்கு தடைதான். கோடை முடிவிலிருந்து இலையுதிர் காலம் வரை தொடர்ந்து வெளிச்சம் கொடுத்தால் முதல் ஆண்டு முதிர்ச்சி பெரிதும் அடங்கும். இது குளிர்காலத்தில் முட்டையிடும் மீன், குறுகும் நாள்தான் இதற்குத் தூண்டுகோல். அதை மறைத்துவிடுகிறோம். சால்மன் புத்தகத்தைக் கொண்டு பாஸ் வளர்க்க முடியாது, பாஸ் புத்தகத்தைக் கொண்டு சால்மனையும் வளர்க்க முடியாது.

பாஸில் அடிப்படைச் சிக்கல் வேறொன்று: ஆண்களே மிகையாக வந்துவிடுகின்றன. பாலினத்தை மரபணுவோடு வெப்பமும் தீர்மானிக்கிறது. வளர்ச்சிக்காகக் குஞ்சுப் பருவத்திலேயே நீரைச் சூடாக்கினால் பெண்ணாக வேண்டியதும் ஆணாகும். முதல் 60 நாள் வரை 16, 17 டிகிரியைத் தாண்டாமல் வைத்துவிட்டுப் பிறகு மெல்ல ஏற்றினால் பெண் பங்கு கூடும். பெண்தான் பெரிதாக வளரும் என்பதால் இதில் இரட்டை லாபம். தரம் பிரிக்கும்போது மேல்தட்டில் பெண் அதிகம் இருக்கும். ஆண்களுக்குள் பார்த்தால், முதல் ஆண்டில் முந்தி வளர்ந்த ஆண்தான் முதலில் முதிர்வது. இரண்டாம் ஆண்டில் அதுவே பின்தங்கிவிடும். சீக்கிரம் பெரிதானது என்று பார்த்துத் தாய்மீனாக ஒதுக்கிவிடாதீர்கள்.

திலாப்பியா பற்றி இங்கே கேட்பவர்கள் உண்டு. அதில் ஆண்தான் வேகமாக வளரும், தொல்லை குஞ்சு பொரித்துக் குளத்தை நிரப்பும் பெண்ணால் வருவது. அது தனி இழைக்கான விஷயம்.

விதைக்கூடம் எழுதியது:

அடுத்த தொகுதி பற்றிக் கேட்டீர்கள். வெப்பம், விளக்கு இரண்டையும் நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். முட்டை வாங்கும் இடத்திலேயே பாதிக் காரியம் இருக்கிறது.

2015-இல் அட்லாண்டிக் சால்மனின் 25-ஆம் குரோமோசோமில் வி.ஜி.எல்.எல்.3 என்ற மரபணுவைக் கண்டார்கள். எந்த வயதில் முதிர்வது என்பதில் காட்டு மீன்களிடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 39 சதவீதம் இந்த ஓரிடத்தில் அடங்கிவிடுகிறது. ஆணில் 'சீக்கிரம்' வடிவம் ஓங்கு தன்மை கொண்டது. ஒரு பிரதி இருந்தாலே ஆண் சீக்கிரப் பக்கம் சாயும். பெண்ணில் அப்படி அல்ல. எனவே தாய்மீன், தந்தைமீன் இரண்டும் 'தாமத' வடிவத்தை இரட்டையாகக் கொண்டிருந்தால்தான் குஞ்சுகள் எல்லாம் தாமதப் பக்கம் நிற்கும். துடுப்பு நுனியில் ஒரு துணுக்கு எடுத்தால் போதும், மரபணு வகை தெரிந்துவிடும். முட்டை விற்பவரிடம் பெற்றோரின் வகையைக் கேளுங்கள். ஆனாலும் இதை மட்டுமே நம்பி 16 டிகிரியில் ஓட்டாதீர்கள். பண்ணை இனங்களில் இந்த மரபணுவின் பிடி காட்டு மீன்களில் இருப்பதைப் போல் இல்லை. சூடும் விளக்கும் பலமாக இருந்தால் 'தாமத' வகை ஆணும் கிளம்பும்.

இரண்டாவது வழி, முழுப் பெண் தொகுதி. மரபணுவில் பெண்ணாக உள்ள குஞ்சை ஹார்மோன் தீவனத்தால் ஆணாக மாற்றி, அதன் விந்தை வழக்கமான முட்டையோடு சேர்த்தால் எக்ஸ்எக்ஸ், அதாவது பெண் குஞ்சுகள் மட்டுமே பிறக்கும். ஹார்மோன் படுவது தந்தைமீன் மட்டுமே. விற்பனைக்குப் போகும் மீன் அதைத் தொடுவதே இல்லை. இப்படி மாற்றிய ஆண்களில் பலவற்றுக்கு விந்துக் குழாய் சரியாக உருவாகாது, அமுக்கினால் ஒன்றும் வராது. மீனைக் கொன்று விந்தகத்தை எடுத்துப் பிழிய வேண்டும். அந்த விந்து முழுதாக முதிர்ந்திருக்காது, காரத்தன்மையுள்ள கரைசலில் சிறிது நேரம் வைத்த பிறகே நன்றாக நீந்தும். தொகுதி வந்ததும் எஸ்.டி.ஒய் என்ற ஆண் மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர் செய்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு குஞ்சு போதாது, 60 எடுங்கள். ஒன்றிரண்டு நேர்மறை வந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். அட்லாண்டிக் சால்மனில் அந்த மரபணுவின் செயலற்ற நகல் உள்ள பெண்களும் அரிதாக உண்டு, அவற்றை அறுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மும்மடிய மீன் (வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதி உள்ளது) பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: "மும்மடியம் என்றால் முதிராது." பெண்ணுக்கு மட்டுமே அது சரி. மும்மடிய ஆணின் விந்தகம் பெருக்கும், ஹார்மோன் ஏறும், தோல் கறுக்கும், தாடை வளையும், விந்துதான் பயனற்றது. பண்ணைக்கு நஷ்டம் அப்படியே இருக்கும். அதனால் மும்மடியம் செய்தால் முழுப் பெண் தொகுதியில் செய்யுங்கள். முட்டையில் விந்து சேர்ந்து 300 நிமிட-டிகிரி கழித்து, அதாவது 10 டிகிரி நீரில் 30 நிமிடத்தில், 655 பார் அழுத்தம், 5 நிமிடம். 8 டிகிரி என்றால் 37 நிமிடம் 30 நொடி. நீர் எத்தனை டிகிரி என்பதை அழுத்தக் கலத்துக்குள்ளேயே அளக்க வேண்டும். வாளியில் 8 என்று பார்த்துவிட்டு 10 டிகிரிக் கலத்தில் போட்டால் நேரம் தவறிவிடும், இருமடியக் குஞ்சு கலந்து வரும். மும்மடிய மீன் சூட்டையும் குறைந்த ஆக்சிஜனையும் தாங்காது. பாஸ்பரஸ் குறைந்தால் முதுகெலும்பு வளையும், ஹிஸ்டிடின் குறைந்தால் கண்புரை வரும். அதற்கான தீவனம் தனியாக வேண்டும்.

வட்டத்தொட்டி:

தெளிவாகிவிட்டது. கடைசியாக இரண்டு. பழுத்த ஆண்களை உயிரோடு பிரிப்பது எப்படி? 3-ஆம் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள தொட்டியும் இதே வெப்பத்தில், இதே விளக்கில்தான் ஓடுகிறது. அங்கே 40 மீன் அறுத்ததில் ஒரு முதிர்ந்த ஆண்கூட இல்லை. அதை விட்டுவிடலாமா?

செவுள்:

பிரிப்பதற்கு அல்ட்ராசவுண்ட் நல்ல கருவி. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத நேர்கோட்டு முனை, மீன் மயக்க நீரிலேயே இருக்கட்டும், முனையை விலாவில் வயிற்றுத் துடுப்புக்கு முன்பாக, உடல் நீளவாக்கில் வையுங்கள். பெருத்த விந்தகம் நீச்சல்பைக்குக் கீழே வெளுத்த, சீரான பட்டையாகத் தெரியும். 0.18, 0.25 மீன்கள் இதில் தப்பிவிடும். அதனால் ஒரு முறை பிரித்து, 4 வாரம் கழித்து மறுபடியும் பிரியுங்கள். மயக்கத்துக்கு எம்.எஸ்.222 என்றால் லிட்டருக்கு 100 மில்லிகிராம். அது அமிலம், நன்னீரில் சோடியம் பைகார்பனேட் சேர்த்துச் சமன் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வலையில் வாரிக் கொட்டாதீர்கள். முதிரும் ஆணின் தோல் எளிதில் கெடும், உரசிய இடத்தில் சாப்ரோலெக்னியா என்ற பூஞ்சை போன்ற கிருமி பஞ்சு போல் பிடித்துக்கொள்ளும், அங்கிருந்து நல்ல மீனுக்கும் போகும். பிரித்ததை வைத்து வளர்க்காமல் உடனே வெட்டிவிடுங்கள். முதிர முதிர, இறைச்சிக்குச் செந்நிறம் தரும் அஸ்டாசாந்தின் தசையிலிருந்து தோலுக்குப் போய்விடும், ஒவ்வொரு வாரமும் இறைச்சி இன்னும் வெளுக்கும்.

இரண்டாவது கேள்வி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மீன் தொட்டிக்கு ஒத்துவராது. 40 மீனில் ஆண் 20 இருக்கும். ஆண்களில் 5 சதவீதம் முதிர்ந்திருந்தாலும், 20 ஆணில் ஒன்றுகூட அகப்படாமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு. 5 சதவீதம் இருந்தால் நூற்றுக்கு 95 முறை ஒன்றாவது கண்ணில் பட வேண்டுமென்றால் 59 ஆண் பார்க்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 120 மீன். உங்கள் 3-ஆம் தொட்டியிலும் 19-ல் 6 என்பது 32 சதவீதம் போலத் தெரிகிறது. உண்மை அளவு 13-க்கும் 57-க்கும் நடுவே எங்கும் இருக்கலாம். மேலும் "முதிர்ந்த ஆண் இல்லை" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், கண்ணாலா தராசாலா? அந்த 20 விந்தகத்தின் எடையையும் எழுதி வைத்திருந்தால் 0.1-ஐத் தாண்டியது எத்தனை என்று இங்கே போடுங்கள். எழுதவில்லை என்றால் பக்கத்துத் தொட்டியையும் இன்றிலிருந்து நாளுக்கு 1 டிகிரி இறக்கத் தொடங்குங்கள், மறுபடி அறுப்பது இறக்கி முடித்த பிறகு இருக்கட்டும்.